சித்தி தண்ணீர் கேட்டாள்

வாத்துகளுக்குச் செடிகொடி பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரொம்பப் பிடிக்கும். வேரோடு பிடிக்கும். பச்சை வைத்த இடத்தை ஒரே மாதத்தில் சேறாக்கிவிட்டு, அந்தச் சேற்றையும் அலகால் சலித்துப் பார்க்கும். அதனால் அலங்கார வாத்துகளுக்குத் தோட்டம் வைத்த வலைக்கூடம் போடுகிறவர்கள் முதலில் செடியை நட வேண்டும். ஒரு முழுப் பருவம் பொறுத்து, வேர் நன்றாக இறங்கிய பிறகுதான் வாத்தை உள்ளே விட வேண்டும். இதை முதலாளி பெய்யிடம் முதல் நாளே சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். என்னை அவசரக்காரி என்று உங்கள் விசாரணைக் கோப்பில் யாராவது எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

நீங்கள் தள்ளி உட்கார்ந்திருப்பதில் எனக்கு வருத்தமில்லை. முகமூடியும் கண்ணாடியும் சரிதான். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் செய்வேன். செய்தேன் என்றே சொல்லலாம், அதைப் பிறகு சொல்கிறேன். மேசைமேல் பிளாஸ்டிக் பையில் ஒட்டி வைத்திருக்கிறீர்களே அந்த இறகுப்பந்து, அதற்கும் வருகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் புரியும்.

என் பெயர் தூ வெய்நிங். வயது இருபத்தேழு. தாஷிகெங் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கால்நடைப் படிப்பு. அனுமதிக் கடிதம் வந்த வாரம் ஊர் முகப்பில் சிவப்புத் துணியில் என் பெயரை எழுதிக் கட்டினார்கள். மழையில் வெளுத்துப் பாதி எழுத்து போய்விட்டது. இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை. அம்மாவும் அப்பாவும் கடலோர ஆலைகளுக்குப் போய்விட்டதால் என்னை வளர்த்தது சித்தி. சித்தப்பாவின் மனைவி, லாய் ஷியூமே. என் படிப்பு விருந்துக்கு அவள் பதினோரு வாத்து அறுத்தாள். எல்லாம் முட்டையிடுகிற வாத்து.

"முட்டை போனாப் போவுது. நம்ம வீட்டுப் பேரு துணியில ஏறிடுச்சுல்ல" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "ஒழுங்காப் படிக்கலேன்னா பதினோரு வாத்தும் வந்து உன் கனவுல கத்தும்" என்றாள்.

அதன் பிறகு ஊருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என் கைக்குத்தான் வந்தது. காப்பீடு, நிலம், முதியோர் பணம். எழுதத் தெரிந்தவர்கள்கூட, "நீ படிச்சவ, நீயே டிக் அடிச்சிடு" என்பார்கள். என் விடுமுறைகள் எல்லாம் அடுத்தவர்களின் கட்டங்களை நிரப்பியே போயின. யாராவது ஒருவர் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். ஒருவரும் படிக்கவில்லை. நான் என்ன எழுதினாலும் அதுதான் உண்மை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கடைசியில் எல்லாம் ஒரு கட்டத்தில் வந்துதான் நின்றது.

முதலாளி பெய் ஊருக்கு மேலே ஓடைக்கரையில் விருந்தினர் இல்லம் கட்டினார். நகரத்து ஜோடிகள் அங்கே கல்யாணப் படம் எடுக்க வருவார்கள். படத்தில் ஜோடி வாத்து வேண்டும். முதுகில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு இறகு பாய்மரம்போல் நிமிர்ந்து நிற்குமே, அது. கல்யாணப் போர்வையில் அதைப் பின்னாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. நான் அப்போது நகரத்தில் நாய்க்குட்டிகளுக்கு நகம் வெட்டும் கடையில் இருந்தேன். பட்டம் வாங்கி இரண்டு வருஷம் கழித்து நாய்க்கு நகம். அவர் கூப்பிட்டதும் வந்துவிட்டேன். வலைக்கூடம் முழுக்க என் பொறுப்பு என்றார்.

அதை நான் நன்றாகக் கட்டினேன். இதில் எனக்கு அடக்கம் கிடையாது. ஓடையிலிருந்து ஒரு பக்கம் நீர் வந்து மறுபக்கம் வெளியேறும்படி குளம் வெட்டினேன். தேங்கிய நீர் வாத்தைக் கொல்லும். கரையை நேராக இறக்காமல் கூழாங்கல் போட்டுச் சரித்தேன். மரநாய் தோண்டி வராதபடி கம்பி வலையை மண்ணுக்குள் இரண்டடி இறக்கி வெளிப்பக்கமாக மடித்தேன். ஒன்றை மூடினால்தான் மற்றதைத் திறக்கலாம் என்று இரண்டு கதவு வைத்தேன். தண்ணீர் ஓரம் கோரை, அதற்குப் பின்னால் குட்டை மூங்கில், மேட்டில் காமெலியா. ஒவ்வொரு செடியின் தூரிலும் பெரிய கல், அலகு போகாதபடி. கூரைவலையின் கண்களைப் பெரிதாக வைத்தேன். பனி தங்காமல் விழுந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பாரத்தில் வலை இறங்கிவிடும். பனி விழுகிற கண்ணில் மற்றதும் விழும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருகிற காட்டு வாத்துகள் மேலே பறக்கும்போது எச்சமிடும். அது எனக்குத் தெரியும். பனியா எச்சமா என்று யோசித்து, பனி என்று முடிவு செய்தேன். படித்தவர்கள் எடுக்கிற முடிவு அப்படித்தான் இருக்கும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சித்தியை வேலைக்குச் சேர்த்ததும் நான்தான். தீனி போட, குளத்தை அள்ள, கூண்டுப் பெட்டிகளைத் துடைக்க.

"நாப்பது வருஷமா வாத்து வளக்குறேன்" என்றாள், காமெலியாவுக்குக் கல் அணைத்தபடி. "ஒரு வாத்தும் எங்கிட்ட தோட்டம் கேட்டதில்ல. எனக்கே ஒரு பூச்செடி கிடையாது."

"இது வேற வாத்து, சித்தி."

"ஆமாமா. இது காலேஜ் வாத்து."

ஜூலையில் பன்னிரண்டு ஜோடி வந்து இறங்கியது. முதலாளி கூடையைத் திறந்து பார்த்துவிட்டு வெளிறிப் போனார். இருபத்துநான்கும் ஒரே சாம்பல் பழுப்பு. ஆரஞ்சு இறகு ஒன்றுகூட இல்லை. "ஏமாத்திட்டானா? எல்லாம் பொட்டையா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். கோடையில் ஆண் வாத்து இறகு உதிர்த்துப் பெட்டை மாதிரி ஆகிவிடும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். இறகு உதிர்வது எதனால், எத்தனை வாரம் என்றெல்லாம். பாதியிலேயே சித்தி ஒன்றைத் தூக்கி அலகைக் காட்டினாள்.

"மூக்கு சிவப்பா இருந்தா ஆம்பள, முதலாளி. கல்யாணச் சட்டையத் துவைக்கப் போட்டிருக்கான், அவ்வளவுதான். செப்டம்பர்ல போட்டுக்குவான்."

அவர் சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். நான் நான்கு வருஷம் படித்தது ஒரு சிரிப்பில் முடிந்தது. நானும் சிரித்தேன். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அக்டோபர் விடுமுறைக்குத் திறந்தோம். நன்றாகப் போயிற்று. கதவருகே பலகையில் வடிவமைப்பு என்று போட்டு என் பெயரை எழுதினார்கள். சாயம் போகாத எழுத்து. நான் தினமும் அதைக் கடந்துதான் உள்ளே போவேன்.

டிசம்பரில் முதலாளிக்குக் கிளுவையும் வேண்டும் என்று தோன்றியது. முகத்தில் பச்சையும் மஞ்சளும் பூசிய சின்ன வாத்து. ஜனவரி ஒன்றாம் தேதி முப்பது ஜோடிகள் ஒன்றாகப் படம் எடுக்க வருகிறார்கள், அதற்குள் குளத்தில் இருக்க வேண்டும். இருபது வந்தன. புதிதாக வருகிற பறவையை முப்பது நாள் தனிக் கொட்டகையில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிற ஆள் நான்.

"முப்பது நாள்னு யாரும்மா எண்ணுறா?" என்றார் முதலாளி. "கையெழுத்தும் உன்னோடது, எண்ணுறதும் உன்னோடது."

ஒன்பதாவது நாள் திறந்துவிட்டேன். முப்பது என்று எழுதினேன். கிளுவைகள் கோரைக்குள் ஓடி மறைந்து, பிறகு ஒவ்வொன்றாக நீரில் இறங்கின. அழகாக இருந்தது. அந்த நோய் கிளுவையோடு வந்ததா, மேலேயிருந்து வலை வழியாக வந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதைச் சேர்த்து எழுதுங்கள்.

ஜனவரி இரண்டாம் தேதி காலை, கோரைக்கடியில் முதல் கிளுவை கிடந்தது. நான் குனிந்து பார்த்தேன். கண் பால்போல் வெளுத்திருந்தது. அப்படி வெளுத்த கண்ணை மூன்றாம் ஆண்டில், பறவைக் காய்ச்சல் வகுப்பில், திரையில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பின்பக்கமாகவே நடந்து இரண்டு கதவையும் தாண்டி வெளியே வந்து, ஓடையில் கையை முழங்கை வரை கழுவினேன். தோல் மரத்துப் போகும் வரை கழுவினேன்.

அன்றிலிருந்து நான் வலைக்கூடத்துக்குள் போகவில்லை. தேதியைக் குறித்துக்கொள்ளலாம்.

சித்தியைக் கூப்பிட்டு, ஒரு கிளுவை குளிரில் செத்துவிட்டது, பின்பக்கம் புதைத்துவிடு என்றேன்.

"குளிர்ல வாத்து சாவுமா?" என்றாள். "உன் புஸ்தகத்துல அப்படியா போட்டிருக்கு?"

"புது இடம், பழகல."

"நானும் இந்த ஊருக்குக் கல்யாணம் பண்ணி வந்தப்போ புது இடந்தான். சாகலயே."

என் அறையில் கையுறை ஒரு பெட்டி, முகமூடி இரண்டு பெட்டி இருந்தன. அவளுக்குக் கொடுக்கவில்லை. முகமூடி போட்டுக்கொண்டு ஒருத்தி வாத்துக்குத் தீனி போட்டால் விருந்தாளிகள் என்ன நினைப்பார்கள்? இதைச் சொன்னது முதலாளி இல்லை. நான்தான், எனக்கு நானே.

நோய் என்று அரசுக்குத் தகவல் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மூன்று கிலோமீட்டர் சுற்றளவில் ஒரு பறவை மிஞ்சாது. எங்கள் ஊரில் ஆயிரத்து முந்நூறு கோழியும் வாத்தும். சித்தியுடையது மட்டும் நாற்பத்திரண்டு. சந்திர வருஷப்பிறப்புக்கு இன்னும் மூன்று வாரம், எல்லா வீட்டிலும் உப்பு வைத்த வாத்தைத் தட்டையாக விரித்து வெயிலில் தொங்கவிட்டிருந்தார்கள். அதையும் பிடுங்கிக் குழியில் போடுவார்கள். யாரால் என்று கேட்பார்கள். துணியில் பேர் எழுதிக் கட்டினோமே, அவளால். நான் சிறைக்குப் பயப்படவில்லை. அந்தத் துணியைப் பார்த்து அவர்கள் சிரிக்கப்போகும் சிரிப்புக்குத்தான் பயந்தேன். பயம் எப்படியிருக்கும் என்று கேட்டீர்கள். சத்தமில்லாமல் இருக்கும். சாப்பிடும், தூங்கும், குட் மார்னிங் சொல்லும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை அக்குளில் வெப்பமானியை வைத்துப் பார்க்கும்.

ஐந்தாம் தேதி ஓர் ஆண் வாத்து, ஆரஞ்சு இறகோடு, குளத்தின் நடுவில் வட்டமடிக்க ஆரம்பித்தது. கழுத்து ஒரு பக்கமாகத் திருகியிருந்தது. ஒரே திசையில் சுற்றிச் சுற்றி, நிற்காமல். மேட்டில் சிவப்பு உடுப்பில் ஒரு ஜோடி நின்றிருந்தது. பெண் கைதட்டினாள்.

"பாருங்க, பாருங்க, நமக்காக டான்ஸ் ஆடுது!"

முதலாளி கைப்பேசியில் படம் பிடித்தார். நான் வலைக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது முப்பத்தாறு சுற்று சுற்றியது. எண்ணினேன். முப்பத்தேழாவதில் தலை நீருக்குள் போயிற்று. ஜோடி அதற்குள் பெய்யின் தேநீருக்குப் போய்விட்டது.

அன்று மத்தியானம் நல்ல வெயில். கருவிக் கொட்டகைக்குப் பின்னால் சித்தி முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த வாத்து. அவளிடம் எதையும் வீணாக்கும் பழக்கம் கிடையாது. ஆரஞ்சு இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வாயால் ஊதி ஊதித் தூசியைப் பிரித்து, ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் சேவல் இறகில் கட்டுவோம், காலால் தட்டி விளையாடுகிற இறகுப்பந்து. அடியில் ஓட்டைக்காசு வைத்துத் துணி சுற்றி.

"பேத்திக்கு" என்றாள். "வருஷப்பிறப்புக்கு வர்றால்ல. சேவல் இறகுல எல்லாப் பிள்ளையும் வச்சிருக்கும். இந்த மாதிரி எந்தப் பிள்ளைகிட்ட இருக்கும்?"

நான் பத்தடி தள்ளி நின்றேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் நின்றேன்.

"ஏண்டி அங்கயே நிக்கிற? பேய் பிடிச்சவ மாதிரி?"

"சளி பிடிச்சிருக்கு, சித்தி. உனக்கு ஒட்டிக்கும்."

"அட, என் மேல எவ்வளவு அக்கறை" என்று சிரித்துவிட்டு மறுபடி ஊதினாள். ஒரு சின்ன வெள்ளைத் தூவி பறந்து அவள் உதட்டில் ஒட்டியது. நாக்கால் தள்ளித் துப்பினாள்.

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். எந்த வார்த்தை? கையுறை போட்டுக்கோ என்றால் ஏன் என்பாள். ஏன் என்பதற்குப் பதில் சொன்னால் ஊர் முழுக்கச் சொன்னதாகிவிடும். அவளால் எதையும் ரகசியமாக வைத்துக்கொள்ள முடியாது. அதையும் நான் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒன்பதாம் தேதிக்குள் பதினான்கு பறவைகள். எல்லாவற்றையும் அவள்தான் எடுத்தாள்.

பன்னிரண்டாம் தேதி சித்திக்குக் காய்ச்சல். இஞ்சியும் கருஞ்சர்க்கரையும் போட்டுக் கொதிக்கவைத்துக் குடித்துவிட்டு, முதுகைச் சுரண்டிவிடு என்று என்னைக் கூப்பிட்டாள். உங்களுக்கு விளக்க வேண்டாம், உங்கள் வீட்டிலும் காய்ச்சலுக்கு முதுகில் எண்ணெய் தடவிச் சுரண்டப் பீங்கான் கரண்டி இருக்கும். முதுகில் சிவப்புக் கோடு எழும்பினால் சூடு இறங்கிவிட்டது என்பாள். சின்ன வயதில் எனக்கு எத்தனை தடவை அவள் சுரண்டியிருக்கிறாள். நான் போனேன். போகாமல் இல்லை. முகமூடி போட்டுக்கொண்டு, இரண்டு ஜோடி கையுறை, ஒன்றின்மேல் ஒன்று.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"கையுறை போட்டுக்கிட்டா சித்தி முதுகச் சுரண்டுற? எனக்கென்ன தொழுநோயா?"

"எண்ணெய் வழுக்குது, அதான்."

சட்டையைத் தூக்கிக் குப்புறப் படுத்தாள். நான் சுரண்டினேன். வழக்கமாகச் சுரண்டும்போது அடுத்த வீட்டுக் கதையெல்லாம் பேசுவாள். அன்று தலையணைக்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நிங். அந்த வாத்துங்க எதுல செத்துச்சு?"

"குளிர்ல, சித்தி."

"சரி" என்றாள்.

மறுநாள் வட்டார மருத்துவமனையில் சேர்த்தேன். ஊரெல்லாம் சளிக்காய்ச்சல் சீசன், அங்கே வராந்தாவில் நாற்காலி போட்டு ட்ரிப் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்று நாள் ட்ரிப். அவள் மகன் ஆலையிலிருந்து போன் பண்ணினான். "அக்கா, நீதான் படிச்சவ. நீ என்ன சொல்றியோ அதான். நான் வரணுமா?" வர வேண்டாம், சளிதான் என்றேன்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும், நீங்கள் என் அறையைச் சோதித்தபோது அந்தக் காலி அட்டையைப் பார்த்திருப்பீர்கள். இந்தக் காய்ச்சலுக்கு மாத்திரை உண்டு. முதல் இரண்டு நாளில் கொடுத்தால் கேட்கும். மருந்துக்கடையில் கிடைக்கும். ஜனவரி இரண்டாம் தேதி மத்தியானமே பஸ் பிடித்துப் போய் ஒரு பெட்டி வாங்கினேன். ஒரு பெட்டியில் பத்து. நோய் வராமல் இருக்க மறுநாள் காலையிலிருந்து தினம் ஒன்று. சித்திக்குக் காய்ச்சல் வந்த அன்று காலை என்னிடம் கடைசி மாத்திரை ஒன்று மிச்சம் இருந்தது. ஒன்றை வைத்து ஒருவரைக் குணப்படுத்த முடியாது, அது அறிவியல். அதை நான் போட்டுக்கொண்டேன். இன்னொரு பெட்டி வாங்கியிருக்கலாம் என்பீர்கள். வாங்கினேன். அதுவும் எனக்குத்தான். அவளிடம் கொடுத்தால் இது எதற்கு என்று கேட்டிருப்பாள். அவளிடம் பொய் சொல்லச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பதினாறாம் தேதி உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்சில் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சேர்க்கும் இடத்தில் ஒரு படிவம். பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பெயர், வயது, ஒவ்வாமை, இதற்கு முன் அறுவைச் சிகிச்சை. பதினோராவது கேள்வி: கடந்த பதினான்கு நாட்களில் கோழி, வாத்து, காட்டுப் பறவை எதையாவது தொட்டது உண்டா? இரண்டு கட்டம். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். என்னுடையது ஆயிரம் படிவம் நிரப்பிய கை. 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். தொழில் என்ற இடத்தில் தோட்ட வேலை என்று எழுதினேன். அது உண்மைதான்.

டாக்டர் ஃபான் என் வயதுப் பெண். வடக்கத்திக்காரி, பொதுமொழி மட்டும்தான் தெரியும். எங்கள் மலையில் ஒரு குன்றைத் தாண்டினாலே பேச்சு மாறிவிடும். எங்கள் ஊர்ப்பேச்சு அவருக்குப் பறவை கத்துவதுபோல் இருந்திருக்கும். நல்ல டாக்டர். படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் மறுபடி கேட்டார்.

"நிச்சயமா? வீட்ல கோழிகூட இல்லையா? கிராமம்னு போட்டிருக்கீங்க."

"வித்துட்டோம்" என்றேன். "போன வருஷமே."

"நுரையீரல் இப்படி வெளுத்துப்போறது சாதாரண சளிக்காய்ச்சல்ல இவ்வளவு வேகமா நான் பாத்ததில்ல. பறவைங்ககிட்ட இருந்திருந்தாங்கன்னா, சிகிச்சையே வேற. இப்பவே மாத்திடுவேன். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். இப்போது சொன்னால், ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்பார்கள். டிக் அடித்து இருபது நிமிஷம்தான் ஆகியிருந்தது. ஆனால் அந்தக் கட்டத்தைத் தாண்டி என்னால் திரும்பி வர முடியவில்லை. வலைக்கூடத்தின் இரண்டு கதவு மாதிரி அது. பின்கதவு மூடினால்தான் முன்கதவு திறக்கும்.

"இல்ல, டாக்டர்."

அவருக்கு என் பதில் போதவில்லை. கட்டிலுக்குப் போய்க் குனிந்து, சித்தியின் காதருகே, ஒவ்வொரு சொல்லாக, பொதுமொழியில் கேட்டார்.

"அம்மா. நீங்க. வாத்து, கோழி. ஏதாவது. தொட்டீங்களா?"

சித்தி கண்ணைத் திறந்தாள். ஆக்சிஜன் முகமூடியை ஒரு விரலால் தூக்கினாள். மூச்சுக்கு நடுவே, எங்கள் ஊர்ப்பேச்சில், தெளிவாகச் சொன்னாள்.

"வாத்து. செத்த வாத்து. நான்தான் எடுத்தேன். பதினாலு. இறகு பிடுங்குனேன்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றாங்க?"

இதற்காகத்தான் நீங்கள் மூன்று நாளாக இந்த அறைக்கு வருகிறீர்கள் என்று தெரியும். பக்கத்துக் கட்டில் நோயாளியின் மருமகள் எங்கள் பக்கத்து ஊர்க்காரியாக இருப்பாள் என்று நான் எப்படி நினைத்திருக்க முடியும்? அவள் காதில் விழுந்தது உங்களிடம் வந்தது. நீங்கள் சித்தி வீட்டில் தேடி அந்தப் பந்தை எடுத்தீர்கள். அவள் சொன்னது பொய்யில்லை. நான் டாக்டரிடம் இப்படித்தான் சொன்னேன்:

"தண்ணி கேக்குறாங்க."

டாக்டர் ஃபான் தலையாட்டினார். "குடிக்கக் குடுக்க முடியாது. பஞ்சுல நனைச்சு உதட்ட ஈரமாக்குங்க" என்று நர்சிடம் சொல்லிவிட்டுக் குறிப்பில் எதையோ எழுதினார்.

சித்தி என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பொதுமொழி பேச வராது. ஆனால் இருபது வருஷமாகச் சாயங்காலம் டிவி தொடர் பார்க்கிறவள். ஒரு சொல் விடாமல் புரியும். எனக்கு அது அந்த நிமிஷத்தில்தான் நினைவுக்கு வந்தது. அவள் பார்வையில் கோபம் இருந்தது என்று சொன்னால் உங்களுக்கு வசதியாக இருக்கும். இல்லை. படிவத்தை என் பக்கம் தள்ளும்போது பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

டாக்டர் இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தார். சித்தி முகமூடியை மறுபடி தூக்கினாள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"சரி" என்றாள். "தண்ணிதான். குடு."

நர்ஸ் பஞ்சை நனைத்துத் தந்தாள். நான் வாங்கி உதட்டில் வைத்தேன். கையுறை போட்டிருந்தேன். சாயங்காலம் தொண்டையில் குழாய் வைத்தார்கள், அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. நான்கு நாள். டாக்டர் தன் எண்ணைக் கொடுத்து, எது நினைவுக்கு வந்தாலும் எந்த நேரமும் கூப்பிடச் சொல்லியிருந்தார். நான்கு நாளும் கைப்பேசியைக் கையிலேயே வைத்திருந்தேன். இருபதாம் தேதி காலை பத்தேகாலுக்கு இறந்தாள்.

ஆயிரத்து முந்நூறும் குழிக்குள் போய்விட்டன என்று நேற்று சொன்னீர்கள். காமெலியாவையும் கோரையையும் பிடுங்கிச் சுண்ணாம்பு போட்டீர்களாம். அதைச் செய்திருக்க வேண்டாம், அந்த வேர் நன்றாகப் பிடித்திருந்தது.

நான் தெரிந்தேதான் செய்தேன். ஜனவரி இரண்டாம் தேதியிலிருந்து எனக்குத் தெரியும். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். படித்துப் பார்த்துவிட்டேன், எல்லாம் சரியாக இருக்கிறது. நான்காம் பக்கத்தில் ஒரு வரியை மட்டும் திருத்த வேண்டும். நோயாளி சொன்னதை மருத்துவரிடம் மாற்றிச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். சித்தி தண்ணீர்தான் கேட்டாள், டாக்டரும் பக்கத்தில்தான் இருந்தார். நான் கொஞ்சம் முன்னாலேயே சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.